ஆன்லைன் பாட்டு வகுப்பில் தம்புரா ஏன் மறைகிறது?

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் பாட்டு டீச்சர் சுருதிப் பெட்டியில் தம்புராவை ஓடவிட்டு 'ச' பிடிக்கிறார். ஒயிட்ஃபீல்ட் அபார்ட்மெண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு மூன்று விநாடி சுருதி நன்றாகக் கேட்கிறது. அப்புறம் தேய்ந்து மறைகிறது. ஒரே ஸ்வரத்தை நீளமாக இழுத்துக் கார்வை கொடுத்தால் அதுவும் பாதியில் அமுங்கிப்போகிறது. உடனே வீட்டில் நெட் பிளானை 100 எம்பிபிஎஸ்-இலிருந்து 300-க்கு மாற்றுகிறார்கள். வீண் செலவு.

கணக்கு போட்டால் தெரியும். பிரௌசர் வழி மீட்டிங்குகளில் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கி அனுப்புவது 2012-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஓப்பஸ் கோடெக். பேச்சுக்கு 32 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 32 ஆயிரம் பிட், தாராளம். ஒலியைத் துண்டு போட்டு, 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் என்று விநாடிக்கு 50 பாக்கெட் போகும். ஒவ்வொன்றின் தலையிலும் விலாச விவரம் 40 பைட். அது 16 கேபிபிஎஸ். ஆக மொத்தம் 48. பழைய பிளானிலேயே இது கடுகளவுதான்.

தம்புராவை விழுங்குவது மீட்டிங் செயலியில் உள்ள இரைச்சல் நீக்கி. மாறாமல் ஒரே சீராகக் கேட்பதெல்லாம் ஃபேன், ஏசி சத்தம் என்று அது எடுத்துக்கொள்கிறது. மாறாமல் ஒலிப்பதுதானே தம்புராவின் வேலை! ஜூமில் ஆடியோ செட்டிங்ஸுக்குப் போய் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதையும், அதன் கீழே 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' என்பதையும் டிக் செய்யுங்கள். பிறகு வகுப்பு தொடங்கியதும் மீட்டிங் திரையிலும் ஒரிஜினல் சவுண்ட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுள் மீட்டில் 'நாய்ஸ் கேன்சலேஷ'னை அணைத்தால் போதும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: கேட்கிறவர் தன் பக்கம் எதை மாற்றினாலும் பயனில்லை. ஒலி அனுப்புகிறவரின் கருவியில்தான் மாற்ற வேண்டும். டீச்சரின் தம்புரா கேட்க டீச்சரும், பிள்ளையின் குரல் முழுசாகப் போய்ச்சேர பிள்ளையும் மாற்ற வேண்டும்.

எதிரொலி நீக்கியையும் அணைப்பதாக இருந்தால் ஸ்பீக்கரில் கேட்கக் கூடாது. டீச்சர் பாடியது பிள்ளையின் மைக்கில் ஏறி, டீச்சருக்கே திரும்பி வரும். ஹெட்ஃபோன் கட்டாயம்.

ஆனால் ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். பாட்டு கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் அதே ஹெட்ஃபோன், மைக் திறந்த அந்த நொடியில் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் ப்ளூடூத் ஒரு வழியில் ஒலியை அனுப்புகிறது. மைக்கும் சேர்ந்தால் ஃபோன் அழைப்புக்கான வழிக்கு மாறுகிறது. அந்த வழியில் ஒலியை அளந்தெடுக்கும் வேகம் (சாம்ப்ளிங் ரேட்) பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ், பழைய கருவிகளில் 8. அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் வரவே வராது. ஹெட்ஃபோனிலேயே அறுந்துபோனதை ஓப்பஸ் 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்பி என்ன பயன்? ஒயர் உள்ள சாதாரண இயர்ஃபோன் இதைவிட எவ்வளவோ மேல். ப்ளூடூத்தான் இருக்கிறது என்றால், செட்டிங்ஸில் மைக்கை மட்டும் லேப்டாப்பின் மைக்காக மாற்றுங்கள்.

குரல் விட்டுவிட்டு, ரோபோ மாதிரி வருகிறதா? அது வேறு கோளாறு; பாக்கெட்டுகள் தாறுமாறாக வருகின்றன. ரூட்டரின் விலாசத்துக்குப் பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. சீராக 2, 3 மில்லிவிநாடி வந்தால் வைஃபை நலம். திடீர் திடீரென்று 150, 200 என்று துள்ளினால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெங்களூரு அபார்ட்மெண்டில் சுவருக்குச் சுவர் ரூட்டர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். லேன் கேபிள் போட்டால் இன்னும் நல்லது.

அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் வழி) ஓடிக்கொண்டிருந்தால் வகுப்புக்கு அதைக் கொடுக்காதீர்கள். தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திருக்காமல் அனுப்பும் யுடிபி முறையைப் பல ஆபீஸ் நெட்வொர்க்குகள் தடுத்துவிடும். அப்போது ஒலி டிசிபி என்ற இன்னொரு முறையில் போகும். அங்கே ஒரு பாக்கெட் தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும்.

கடைசியாக, தாளம். ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடலுக்குத் தொந்தரவில்லை. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக இது 50 மீட்டர் தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். டீச்சர் தாளம் போட, பிள்ளை அதைக் கேட்டுப் பாடி, அது திரும்பி வரும்போது 300 மில்லிவிநாடி ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் அடிக்கு அடி இடைவெளியே 500 தான். பிள்ளை சரியாகப் பாடியிருந்தாலும் டீச்சர் காதுக்குத் தாளம் தப்பித்தான் கேட்கும். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது. சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டு, பிள்ளையையே தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்கட்டும். குரலும் தட்டும் ஒரே மைக்கில் ஏறி ஒரே பாக்கெட்டில் வருவதால், எவ்வளவு தாமதமாக வந்தாலும் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது.