திறந்தவுடன் மூடிக்கொள்ளும் தண்டர்பேர்ட்: அஞ்சல்களை இழக்காமல் சரிசெய்யும் முறை

மொரீஷியஸில் ஒரு கோயில் நிர்வாகக் குழுவோ தமிழ்ச் சங்கமோ தன் கடிதப் போக்குவரத்து முழுவதையும் அலுவலகக் கணினி ஒன்றிலுள்ள தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் நிரலில் வைத்திருக்குமானால், தைப்பூசக் காவடிக்கு முந்திய வாரங்களில் அந்த நிரல் திறந்த கணத்திலேயே மூடிக்கொள்வது சாதாரண இடையூறு அல்ல. அந்த வாரங்கள் புயல் பருவத்துக்குள் வருபவை. மின்சாரம் திடீரென நின்று கணினி அணையும்போது, எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்று பழுதாவதுண்டு.

இத்தகைய நேரத்தில் பெரும்பாலோர் முதலில் செய்வது நிரலை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதுதான். அதனால் பயன் குறைவு. தண்டர்பேர்ட் நிரல் ஓரிடத்திலும், அஞ்சல்கள், முகவரிகள், அமைப்புகள் அடங்கிய 'புரொஃபைல்' என்னும் கோப்புறை வேறோர் இடத்திலும் இருக்கின்றன. நிரலை நீக்கினாலும் அந்தக் கோப்புறை அப்படியே இருக்கும். பழுது அதற்குள் இருந்தால், புதிதாக நிறுவிய நிரலும் அதே பழுதைச் சந்திக்கும்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் புரொஃபைலைப் படியெடுத்து வைக்க வேண்டும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'ஆப்டேட்டா' என்பதை ஆங்கில எழுத்துகளில் (%appdata%) இட்டு என்டர் தட்டினால் ஒரு கோப்புறை திறக்கும். அதிலுள்ள தண்டர்பேர்ட் கோப்புறையை முழுவதுமாக வெளி வட்டு ஒன்றுக்குப் படியெடுங்கள். அஞ்சலைப் பெறும் முறைகளில் ஐமேப், பாப் என இரண்டு உண்டு. ஐமேப் கணக்கின் அஞ்சல்கள் பொதுவாக அஞ்சல் நிறுவனத்தின் சேவையகத்திலும் இருக்கும். பாப் கணக்கிலோ, பழைய கடிதங்களின் ஒரே பிரதி இந்தக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். பாப் பயன்படுத்துவோர் இந்தப் படியை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

அடுத்து, கணினியில் ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, முன்பு மூடிய தண்டர்பேர்ட் பின்னணியில் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதை நிறுத்துங்கள். சில வேளைகளில் இதுவே போதும்.

போதாவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி தண்டர்பேர்டைத் திறங்கள். சிக்கல் தீர்க்கும் பயன்முறைக்கான சிறு சாளரம் தோன்றும். அதில் எந்தப் பெட்டியையும் குறியிடாமல் தொடருங்கள். இந்தப் பயன்முறையில், கூடுதல் வசதிக்காக நாமே சேர்த்த துணைநிரல்களும், திரை அட்டையைக் கொண்டு காட்சியை விரைவுபடுத்தும் வன்பொருள் முடுக்கமும் செயல்படுவதில்லை. நிரல் இப்போது ஒழுங்காகத் திறந்தால், குற்றவாளி அவ்விரண்டில் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். துணைநிரல்கள் அனைத்தையும் முடக்கிவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, எதனோடு நிரல் மூடிக்கொள்கிறதோ அதை அகற்றுங்கள். எதுவும் அகப்படாவிட்டால், பொது அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். திரை அட்டையின் இயக்கி பழையதாகிப்போன கணினிகளில் இது பலன் தரும்.

அந்தப் பயன்முறையிலும் திறக்காவிட்டால் புரொஃபைலையே சோதிக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை மீண்டும் அழுத்தி, தண்டர்பேர்டின் பெயரை ஆங்கிலத்தில் இட்டு, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, அதை ஒட்டிப் பெரிய பி (P) எழுத்து ஆகியவற்றைச் சேர்த்து என்டர் தட்டினால் புரொஃபைல் மேலாளர் திறக்கும். புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் தொடங்குங்கள். பழையதை நீக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். புதியது திறந்தால் நிரலில் குறையில்லை, பழுது பழைய புரொஃபைலில் என்பது உறுதியாகிறது.

இனி, நிரலை முழுவதும் மூடிவிட்டு, முன்பு படியெடுத்த அதே தண்டர்பேர்ட் கோப்புறையின் உள்ளே இருக்கும் பழைய புரொஃபைலுக்குள் செல்லுங்கள். அஞ்சல் கோப்புறையில் 'இன்பாக்ஸ்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் பக்கம் பக்கமாக இருக்கும். பெயருக்குப் பின் புள்ளியும் பின்னொட்டும் இல்லாத பெரிய கோப்பில்தான் கடிதங்கள் இருக்கின்றன. அதைத் தொடவே கூடாது. 'எம்எஸ்எஃப்' என முடியும் சிறிய கோப்பு வெறும் அட்டவணை; அதை வேறிடத்துக்கு நகர்த்தினால், நிரல் அடுத்த முறை திறக்கும்போது தானே புதிதாக எழுதிக்கொள்ளும். தேடலுக்கான 'குளோபல் மெசேஜஸ்' தரவுத்தளத்தையும், முன்பு திறந்திருந்த தத்தல்களையும் (டேப்) சாளர நிலையையும் நினைவில் வைக்கும் 'செஷன்' கோப்பையும் இவ்வாறே நகர்த்தலாம். அழிப்பதைவிட நகர்த்துவது நல்லது. ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பழைய புரொஃபைலைத் திறந்து பார்த்தால், பழுது எதில் இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

எதற்கும் மசியாவிட்டால் புதிய புரொஃபைலிலேயே தொடருங்கள். பின்னொட்டு இல்லாத அஞ்சல் கோப்புகளை, நிரல் மூடியிருக்கும்போது, புதிய புரொஃபைலின் உள்ளூர்க் கோப்புறைக்குள் படியெடுத்தால் கடிதங்கள் அங்கே தோன்றும். அங்கே ஏற்கெனவே அதே பெயரில் கோப்பு இருந்தால் பெயரை மாற்றிப் படியெடுங்கள். 'ஆபுக்' (abook) என்னும் முகவரிக் கோப்பையும் கொண்டுவரலாம். கடவுச்சொற்களுக்கு 'லாகின்ஸ்', 'கீ4' ஆகிய இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் பயனில்லை.

வழக்கமான வேலைகள் எல்லாம் சில வாரங்கள் தடையின்றி நடந்து, பழைய கடிதங்கள் அனைத்தும் வந்துசேர்ந்தனவா என்று நிர்வாகக் குழுவினரே திறந்து சரிபார்த்த பிறகுதான் பழைய புரொஃபைலை நீக்க வேண்டும்.