தண்ணீர் பாட்டிலோடு ஊருக்குள் போகிறவர்கள் கவனத்துக்கு

கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து லேபில் பரிசோதிக்கக் கொடுப்பது எங்கள் வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரோடு சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். இறங்கியதும் ஒருவர் அடிபம்பைப் போட்டோ எடுத்தார், இன்னொருவர் கேள்வித்தாளை நீட்டினார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக இப்படித்தான் இறங்கினேன். ஐஸ் பெட்டியை மறப்பது, பாட்டிலில் எண் எழுதாமல் விடுவது எல்லாம் லேப்காரர்களே திட்டித் திருத்திவிடுவார்கள். அவர்கள் திருத்தாத மற்றத் தப்புகளைச் சொல்கிறேன்.

காலை 11 மணிக்குக் கூட்டம்

தறி ஓடும் நேரம். யாரும் வரமாட்டார்கள்.

முடிவைச் சொல்லாமல் விடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முக்கியமாக என் மேலேயே. அப்போது ஒரே ஊரில் 38 கிணறு, போர்வெல்களில் தண்ணீர் பிடித்தோம். ஒரு வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதக் குழந்தை. கிணற்றுக்குப் பத்தடியில் மாட்டுக் கொட்டாய், பக்கத்திலேயே எருக்குழி. கிளம்பும்போது பெரிய மனுஷி மாதிரி, "பாப்பாவுக்குக் கொதிக்க வச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. எருவிலிருந்து கிணற்றில் இறங்கும் நைட்ரேட் உப்பு லிட்டருக்கு 90 மில்லிகிராம்; நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் வரம்பு 45. நைட்ரேட் கொதித்தால் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும் (ஃப்ளோரைடும் அப்படியே). கைக்குழந்தைக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயலாம். இதெல்லாம் படித்துப் பாஸானவள்தான் நான். ஆனால் செய்தது என்ன? எக்செல்லில் ஏற்றி, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பினேன். ஊருக்கு எப்போது சொல்வது என்று கேட்டதற்கு, அறிக்கை இறுதியாகட்டும் என்றார் மேலே இருந்தவர். நானும் சரி என்றேன்.

பதினொரு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்த வீட்டுப் பாட்டி குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, எங்க தண்ணி என்னாச்சு? நீ சொன்னாப்புல நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுத்தோம்." குழந்தை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அது அதன் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் பாட்டி திட்டவில்லை, கிழங்கை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த சர்வேயில் அந்தத் தெருவில் பாதி வீடு கதவைத் திறக்கவில்லை.

அதனால் பாட்டிலைத் திறக்கும் முன்பே, முடிவை யார், எந்த வாரம், எந்த வீட்டில் சொல்வது என்று திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு, தமிழில். கூடவே இன்றைக்கே செய்ய முடிந்தது ஒன்று: குழாயில் காவிரித் தண்ணீர் வந்தால் பாப்பாவுக்கு அதை மட்டும் பிடித்து வைப்பது, எருக்குழியைத் தள்ளிப் போடுவது. அப்புறம் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று எது பக்கத்தில் வருகிறதோ அந்தக் கிராம சபையில் ஊர்க்காரர்களே தீர்மானம் போடட்டும். அது நகராவிட்டால் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு.

கொலுசுப் பட்டறையில் பாடம் எடுப்பது

திராவகப் புகை நெஞ்சை அடைக்கும் என்று அதைத் தினமும் இழுக்கிறவருக்குத் தெரியாதா? பல இடங்களில் பட்டறையும் அடுப்படியும் ஒரே கூரை. ஜன்னல் எந்தப் பக்கம், குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள், இதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

திருமணிமுத்தாறு

சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வந்து நுரையும் ஆறு. புதிதாக வரும் எல்லாருக்கும் முதல் ஆசை இதில் தண்ணீர் பிடிப்பதுதான். முன்னால் வந்தவர்களின் அறிக்கைகளைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். கரையில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் இப்போதெல்லாம் தோளில் பையைப் பார்த்ததுமே, "நுரையா, நாத்தமா, எது வேணும்?" என்கிறார்.