வாக்னரா, வேக்னரா?

ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் (1813–1883) பெயர் ஆங்கிலத்தில் டபிள்யூவில் தொடங்கும். ஆனால் அவரைச் சொல்லும்போது ஆங்கிலேயர்களும் ஜெர்மன் வழக்கப்படி 'வி' ஒலியில் 'வாக்னர்' என்பார்கள். அதே குடும்பப்பெயர் கொண்ட அமெரிக்க நடிகர் ராபர்ட் வாக்னர் என்றால் உதட்டைக் குவித்து 'வேக்னர்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'வ'தான், நமக்குத் தொல்லை குறைவு!

ஜெர்மனில் இது தொழிலால் வந்த பெயர்: வண்டி செய்பவர். நம்மூர் வண்டித் தச்சர் போல. ஆங்கிலக் குடும்பப்பெயர்களான கார்ட்ரைட், வெயின்ரைட் இரண்டுக்கும் பொருள் இதுவே.

அப்புறம், 'வாக்னீரியன்' என்ற உரிச்சொல். அவருடைய பாணியை மட்டுமல்ல, பிரம்மாண்டமாக, உணர்ச்சி கொந்தளிக்க, நீண்டுகொண்டே போகும் எதையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லலாம். பேய்மழையைக்கூட! காரணம் இருக்கிறது: 1876இல் பைராய்ட் நகரில் முழுமையாக அரங்கேறிய அவருடைய 'ரிங்' வரிசையில் 4 ஓப்பராக்கள் (பாடியே நடிக்கும் இசை நாடகங்கள்), ஓடுவது சுமார் 15 மணி நேரம். நம் விடிய விடியத் தெருக்கூத்துகூட ஒரே இரவில் முடிந்துவிடும். எழுதும்போது நினைவிருக்கட்டும், வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் இந்தச் சொல்லுக்குப் பெரிய டபிள்யூதான்.