மூளை மாத்திரை: டர்பனில் பலரும் செய்கிற தவறுகள்

அம்லாங்கா கால்சென்டர்களில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களின் மேஜையில் எனர்ஜி டிரிங்க் டின்னோடு இப்போது நினைவாற்றலும் கவனமும் கூடும் என்று விற்கும் ஒரு காப்ஸ்யூல் டப்பாவும் சேர்ந்துவிட்டது. ஜின்கோ இலைச் சாறு, அமுக்கரா (அஸ்வகந்தா), பிரம்மி, பி வைட்டமின், கொஞ்சம் குவரானா. இது வேலை செய்யுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்கெனவே உடம்புக்குள் போய்க்கொண்டிருப்பவற்றோடு இது ஒத்துப்போகுமா என்று கேட்பவர்கள் குறைவு. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சர்க்கரை மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சர்க்கரை நோய் எட்டிப்பார்க்காத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பலர் வருடக்கணக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள். சாப்பாட்டிலிருந்து பி12 உடம்பில் சேர்வதை அந்த மாத்திரை நாளடைவில் குறைக்கும். பி12 குறைந்தால் மறதி, சோர்வு, கவனம் நிற்காமை, கால் விரல்களில் மரமரப்பு எல்லாம் வரலாம். இதை வயசுக் கோளாறு, வேலைப் பளு என்று நினைத்து மூளை மாத்திரை வாங்குவது முதல் தவறு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. (புரட்டாசி விரதத்தைக் குறை சொல்லாதீர்கள், ஒரு மாதம் கறி மீன் இல்லாததால் பி12 தீர்ந்துவிடாது, கல்லீரலில் வருடக்கணக்குக்கு இருப்பு இருக்கும். ஆண்டு முழுக்க சைவமும் மெட்ஃபார்மினும் சேர்ந்தால்தான் கவலை.) தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, குறட்டையோடு மூச்சு அடைத்துத் தூக்கம் கெடுவது ஆகியவையும் இதே போலத்தான் காட்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஃபோலிக் அமிலம் அதிகமுள்ள மாத்திரை, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மட்டும் சரிசெய்துவிட்டு, நரம்புப் பாதிப்பை உள்ளுக்குள் வளரவிடும். பி6 இன்னும் மோசம். அளவுக்கு மிஞ்சிப் பல மாதம் எடுத்தால் அதுவே கை கால் மரத்துப்போக வைக்கும். மரமரப்புக்கென்று பி காம்ப்ளெக்ஸைக் கூட்டுகிறவர், மரமரப்பையே காசு கொடுத்து வாங்குகிறார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு வைத்த உச்ச அளவு நாளுக்கு 12 மில்லிகிராம்தான். கடையில் 50, 100 மில்லிகிராம் மாத்திரைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. மல்டிவைட்டமின், எனர்ஜி டிரிங்க், மூளை காப்ஸ்யூல் என மூன்றிலும் பி6 இருக்கலாம், கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் காஃபின். டப்பாவின் பின்பக்கம் "குவரானா சாறு" என்றிருந்தால் அதுவும் காஃபின்தான். பல பொருட்களை "கலவை 900 மி.கி." என்று ஒரே வரியில் போட்டிருந்தால் எது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அப்படிப்பட்டதை நான் வாங்கமாட்டேன். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது பொதுவான கணக்கு; கர்ப்பிணிகளுக்கு 200. ஒரு சின்ன டின் எனர்ஜி டிரிங்கில் சுமார் 80, ஒரு கப் காபியில் ஏறக்குறைய 100, ஒரு காஃபின் மாத்திரையில் பெரும்பாலும் 200. விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்தது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை எட்டுக்கு வீட்டில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாலும் தூக்கம் வராது, மறுநாள் இன்னொரு மாத்திரை.

"மூலிகைதானே" என்று சொல்லி டாக்டரிடம் மறைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கும், அதே காரணத்துக்காக வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் ஜின்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். ஜின்கோவால் பெரிய பலன் என்றும் சொல்ல முடியாது: மூவாயிரத்துச் சொச்சம் முதியவர்களை வைத்து நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது மறதிநோயைத் தடுக்கவில்லை. மனத்தெளிவுக்கென்று விற்கும் சில கலவைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இருக்கும். அது கருத்தடை மாத்திரை, சில எச்ஐவி மருந்துகள் ஆகியவற்றின் வீரியத்தைக் குறைக்கும்; மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அமுக்கரா தைராய்டு அளவை ஏற்றலாம், அரிதாகக் கல்லீரலையும் தாக்கியிருக்கிறது; கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வல்லாரைத் துவையல் வேறு, சாற்றைச் செறிவாக்கிய காப்ஸ்யூல் வேறு. பிரம்மி (வல்லாரை இல்லை, நீர்ப்பிரம்மி) விஷயத்தில் இன்னொன்று: அதை வைத்து நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் 12 வாரம் ஓடியவை. அரை மணி நேரத்தில் சுறுசுறுப்பு வருகிறது என்றால் அது பிரம்மியாக இருக்காது, டப்பாவில் காஃபினைத் தேடுங்கள்.

கிளிக்ஸ், டிஸ்-கெம் மருந்துக்கடைகளில் அடுக்கிவைத்திருப்பதாலேயே சோதித்துப் பார்த்த பொருள் என்று எண்ண வேண்டாம். பொடி எழுத்தில், இது பதிவு பெறாத மருந்து, தரமும் பாதுகாப்பும் பயனும் சாப்ராவால் மதிப்பிடப்படவில்லை என்று எழுதியிருக்கும். சாப்ரா என்பது நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம். நிறையப் பேர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

கவனக் குறைபாட்டுக்காகப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த ரிட்டலினில் ஒன்றை மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்காக அப்பா போட்டுக்கொள்வதும் நடக்கிறது. அது ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தக் கொதிப்பும் இதயத் துடிப்பும் ஏறும். பிள்ளையின் கணக்கிலும் ஒன்று குறையும்.

சரி, எடுத்தே தீருவேன் என்பவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். இரண்டைச் சேர்த்து ஆரம்பித்தால், படபடப்பு வரும்போது எதை நிறுத்துவது என்று தெரியாது. டப்பாவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து, உங்கள் மற்ற மருந்துகளின் பட்டியலோடு ஃபார்மசிஸ்டிடம் காட்டுங்கள். ஆபரேஷன் தேதி குறித்தாலும், பல் பிடுங்கப் போனாலும், என்னென்ன எடுக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிறகு சாப்ராவின் மெட் சேஃப்டி ஆப்பில் நீங்களே பதியலாம், டாக்டர்தான் பதிய வேண்டும் என்றில்லை. டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கும்.