பழைய வீட்டுப் புகைபோக்கி: பழுதுபார்க்கும்போது நாம் செய்யும் பழுதுகள்

இன்று சென்னையில் ‘சிம்னி’ என்றால், கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் மின்சார இயந்திரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம், ஜார்ஜ் டவுன் பகுதிச் சந்துகளில் இன்னும் இடிபடாமல் நிற்கும் மெத்தை வீடுகள் சிலவற்றின் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே, செங்கல்லில் கட்டிய சதுரக் கூண்டு ஒன்று ஆளுயரத்துக்கு நிற்பதைக் காணலாம். பின்கட்டுச் சமையலறையில் விறகடுப்பு மேடைக்கு மேல் தொடங்கி, சுவரோடு சுவராக ஏறி, தளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் புகைபோக்கி அது. ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் குளிர்காய்வதற்காகக் கட்டிய கணப்புக்கு நம் ஊரில் வேலையில்லை. இங்கே புகைபோக்கி பெரும்பாலும் சமையலுக்காகவே கட்டப்பட்டது. வேலை வேறானாலும் கட்டுமானமும் அது கெடும் விதமும் ஒன்றே.

கேஸ் அடுப்பு வந்தபின் பல வீடுகளில் இந்தக் கூண்டை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பயன்படுத்தாத பொருளுக்குப் பராமரிப்பு எதற்கு என்று நினைப்பதே முதல் தவறு. அடுப்பு எரிந்த காலத்தில், மழையில் நனைந்த செங்கல்லை உள்ளிருந்து எழும் சூடு தினமும் உலர்த்திவந்தது. அந்தச் சூடு நின்ற பிறகு, அரைச் செங்கல் கனமே உள்ள அந்தச் சுவர்கள் நான்கு பக்கமும் வெயிலுக்கும் மழைக்கும் கடற்காற்றுக்கும் தனியாக ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டின் மற்றச் சுவர்களுக்கு ஒரு பக்கமாவது நிழல் உண்டு; இதற்கு அதுவும் இல்லை. ஆகவே அணைந்துபோன அடுப்பின் புகைபோக்கிக்குத்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

அடுத்த தவறு சிமெண்ட். நான் பார்த்த கேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூலம் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வீடுகள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. சுண்ணாம்புக் காரை மென்மையானது. ஈரத்தை உள்வாங்கி, காற்றடிக்கும்போது வெளிவிடக்கூடியது. செங்கல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது தானும் சற்று இணங்கிக் கொடுப்பது. சிமெண்ட் பூச்சோ பழைய செங்கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை எளிதில் வெளிவிடாதது. விரிசல் வழியாக ஒருமுறை உள்ளே போன மழைநீர் அதன் பின்னால் சிறைப்பட்டு, செங்கல்லில் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு, வெளியேற இடம் தேடி அலைகிறது. போதாக்குறைக்கு, பல்லாண்டுகள் படிந்த புகைக்கரியிலிருந்து, குறிப்பாக நிலக்கரி எரித்த அடுப்பாக இருந்தால், சல்பேட் உப்புகள் ஊறி வந்து சிமெண்டோடு வினைபுரிந்து அதை உப்பச் செய்கின்றன. கூண்டின் ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி நனைந்தால் அந்தப் பக்கத்துச் செங்கற்களுக்கு இடையிலான சந்துகள் மட்டும் உப்பி, கூண்டே எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கும்.

எங்கள் பாட்டி வீட்டிலேயே இது நடந்தது. சந்துகள் அரித்துவிட்டன என்று ஒரு மேஸ்திரியை அழைத்து, கூண்டு முழுவதும் ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில் பூசி, மேலே எமல்ஷனும் அடித்தோம். பார்ப்பதற்குப் புது வீடு போல இருந்தது. முதல் மழைக்காலத்தைத் தாங்கியது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் தட்டிப் பார்த்தபோது பூச்சு பொள்ளென்று ஒலித்தது. விரலை நுழைத்து இழுத்தால் அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. அதன் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பிறகு வந்து பார்த்த வயதான கொத்தனார் ஒருவர், செங்கல்லின் மேல் பூத்திருந்த வெள்ளைப் பொடியை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு தம்பி இது. வெளிய வர்றதுக்கு வழி இல்லாம உள்ளாறவே பூத்திருக்கு. இன்னொரு தபா சிமெண்ட் போட்டீங்கன்னா கல்லே மிஞ்சாது” என்றார். பெயர்த்தெடுத்த பூச்சைக் கீழே இறக்கவே இரண்டு ஆள் கூலி ஆனது.

சிமெண்டை விட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்புகிறவர்களும் ஒரு தவறைச் செய்கிறார்கள். “பிடிமானத்துக்குக் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துக்கலாம்” என்று கொத்தனார் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அந்தக் கொஞ்சத்தால் சுண்ணாம்பின் இணக்கமும் போகிறது, சிமெண்டின் உறுதியும் வருவதில்லை. சீக்கிரம் இறுக வேண்டுமானால் நன்கு சுட்ட செங்கல்லின் தூளைச் சேர்ப்பதுதான் இந்த மண்ணின் பழைய வழி. ஈரத்திலும் அது இறுகும். நீர்த்த சுண்ணாம்பை ஒரு வாரமாவது ஊறவிட்டு, சலித்த ஆற்று மணலோடு ஒன்றுக்கு இரண்டரை அல்லது மூன்று என்ற அளவில் குழைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணூர், காசிமேடு பக்கத்துக் கடற்கரை மணலைக் கலவையில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது. விரட்ட நினைக்கும் உப்பை நாமே காசு கொடுத்து உள்ளே கொண்டுவந்த கதையாகும். சந்துகளில் புதிய காரை வைக்குமுன் பழையதை ஓர் அங்குல ஆழத்துக்காவது கையால் சுரண்டி எடுக்க வேண்டும். மின்சார வெட்டுக்கருவியை வைத்துச் சுரண்டினால் செங்கல்லின் விளிம்பே அறுந்துவிடும்.

அடுப்பின் வாயை ஒட்டிய பகுதிக்கு மட்டும் வேறு கணக்கு. தீ நேரடியாகப் படும் இடத்தில் சிமெண்டும் நிற்காது, சாதாரணச் சுண்ணாம்புக் காரையும் நிற்காது. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சிமெண்டின் கட்டே உள்ளுக்குள் சிதைகிறது. அங்கே தீச்செங்கல்லும் தீக்களிமண் சாந்தும்தான் தேவை.

இனி உச்சி. மழைநீர் நேராக உள்ளே விழுகிறதென்று, புகைபோக்கியின் வாயில் ஒரு கடப்பைக் கல்லை வைத்து, சுற்றிலும் பூசி அடைத்துவிடுபவர்கள் அதிகம். கீழே அடுப்பு மேடையின் திறப்பையும் பலகையால் மூடி, டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். இருபுறமும் அடைபட்ட கூண்டுக்குள் ஈரம் தேங்கி, பழைய கரியைக் கரைத்து, சமையலறைச் சுவரில் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மறையாத பழுப்புக் கறையாக வெளிவருகிறது. அதே கல்லை நான்கு மூலைகளிலும் ஒரு சாண் உயரச் செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் வைத்தால், மழைநீரும் விழாது, காற்றும் ஓடும். கீழே, அடைத்த பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு, காற்றுப் போகும் துளைகளுள்ள ஒரு ஜாலி வைத்தால் போதும். புறாவுக்காக மேலே வலை கட்டும்போது கொசுவலை போன்ற நுண்ணிய கம்பியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அடுப்பு எரிகிற வீட்டில் சில வாரங்களிலேயே கரி படிந்து கண்கள் அடைபட்டுப் புகை வீட்டுக்குள் திரும்பும். விரல் நுழையும் அளவுக்குக் கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையே சரி. சாதாரணக் கம்பி இந்தக் கடற்காற்றில் நெடுநாள் நிற்காது.

பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்று புகைபோக்கியின் சந்தில் முளைக்காத பழைய வீடு அரிது. அரசமரத்தை வெட்டக் கூடாதென்று விட்டுவிடுவது ஒரு தவறு என்றால், ஆண்டுதோறும் தண்டை மட்டும் ஒடித்துப்போடுவது இன்னொரு தவறு. ஒடிக்க ஒடிக்க வேர் தடித்து, செங்கற்களைப் பிளந்துகொண்டு கீழிறங்கும். கன்று விரல் கனமாக இருக்கும்போதே சுற்றியுள்ள சந்தைத் திறந்து வேரோடு எடுத்து, தொட்டியில் நட்டுக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம். மரமும் வாழும், சுவரும் வாழும்.

பொங்கலுக்கோ, விசேஷத்துக்கு அண்டா ஏற்றவோ, வெந்நீர் போடவோ பழைய அடுப்பை மீண்டும் மூட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. பல மாதம் கிடந்த புகைபோக்கியைப் பார்க்காமல் தீ மூட்டக் கூடாது என்பதுதான் அவற்றில் தலையாயது. உள்ளே புறாக்கூடு இருக்கலாம். பெயர்ந்து விழுந்த செங்கல் குறுக்கே நிற்கலாம். கீழே கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மேலே வானம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஓர் ஊதுவத்தியை அடுப்பின் வாயில் பிடியுங்கள். புகை நூலாக மேலே இழுபட்டால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். முகத்தின் பக்கம் சுருண்டு வந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது கூண்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. சூடான காற்று லேசாகி மேலெழுவதே புகைபோக்கியின் தத்துவம். குளிர்நாடுகளில் வெளியே உறைபனியும் உள்ளே தீயும் இருப்பதால் இழுப்பு வலுவாக இருக்கும். நம் ஊரின் சித்திரை மதியத்தில் அந்த வேறுபாடு குறைவு. எனவே முதலில் சிறு சுள்ளிகளையோ காய்ந்த தென்னை ஓலையையோ எரித்துக் கூண்டைச் சூடாக்கிவிட்டுத்தான் பெரிய விறகை வைக்க வேண்டும்.

ஈர விறகு புகைபோக்கிக்கு எமன். ஈரத்தை ஆவியாக்குவதிலேயே சூடு செலவாகி, புகை குளிர்ந்து, உட்சுவரில் தார் போன்ற பிசினாகப் படிகிறது. அந்தப் பிசினே பின்னொரு நாள் தீப்பிடித்தால் கூண்டுக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தொடும். சவுக்கு நல்ல விறகுதான். ஆனால் கடையிலிருந்து வந்த அன்றே எரிக்காமல், பிளந்து, மழைபடாத இடத்தில் சில மாதங்கள் அடுக்கி வைக்க வேண்டும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் ‘டங்’ என்று ஒலிப்பது காய்ந்தது, ‘தொப்’பென்று ஒலிப்பது ஈரமானது. போகியன்று பழைய பிளைவுட், பெயின்ட் அடித்த சட்டங்கள், பிளாஸ்டிக் கூடை ஆகியவற்றைத் தெருவில் கொளுத்தினால் அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள் என்று உள் அடுப்பில் போட்டு எரிக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அந்தப் புகையில் நச்சும் உண்டு, காரையை அரிக்கும் அமிலமும் உண்டு.

இரண்டு நாணயங்களை அடுக்கிய கனத்துக்குக் கரி படிந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். கயிற்றில் இரும்புச் சங்கிலியைக் கட்டி உள்ளே இறக்கி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கரியோடு உட்பூச்சும் போய்விடும். நீளமான தேங்காய் நார்க் கயிற்றின் நடுவில் தென்னந்துடைப்பங்களைக் கட்டாகக் கட்டி, ஒருவர் மாடியிலும் ஒருவர் கீழேயும் நின்று மாறி மாறி இழுத்தால் போதும். கீழே இருப்பவர் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளட்டும். கூண்டுக்குள் தீப்பிடித்துவிட்டால், மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது பெருந்தவறு. கொதிநீராவி கீழே பீறிடும், சூடேறிய செங்கல் வெடிக்கும். அடுப்பின் வாயைத் தகரத்தால் மூடி, காற்றை நிறுத்தி, வீட்டாரை வெளியேற்றி, 101-ஐ அழைக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில் பொதுச் சுவரில் வீடுகள் ஒட்டியிருப்பதால் ஓர் ஆபத்து கண்ணில் படாமலே இருக்கும். பக்கத்து வீட்டார் தளத்தைப் புதுப்பிக்கும்போது, தேக்கு உத்திரத்தின் முனையை உங்கள் புகைபோக்கியின் சுவருக்குள்ளேயே செருகியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட மரம் மெல்லக் கருகி, புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. எந்த மரமும் புகைபோக்கிச் சுவரைத் தொடாமல் இரண்டு அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். அதே பக்கத்து வீட்டார் மேலே இரண்டு மாடி எழுப்பிவிட்டால் உங்கள் கூண்டு பள்ளத்தில் அகப்பட்டுக்கொள்ளும். கடற்காற்று அந்தச் சுவரில் மோதிக் கீழ்நோக்கிப் பாய்ந்து புகையைத் திருப்பி அனுப்பும். பத்தடிக்குள் இருக்கும் எதைக் காட்டிலும் இரண்டடி உயரமாகக் கூண்டு இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் கைக்கொள்ளும் விதி. இரண்டு மாடிக்கு அதை உயர்த்துவது நடைமுறையில் ஆகாத காரியம். அப்படிப்பட்ட வீட்டில் அந்த அடுப்பை எரிப்பதை விட்டுவிடுவதே நல்லது.

மின்சாரச் சிம்னியின் குழாயைப் பழைய புகைபோக்கிக்குள் விட்டால் சுவரை உடைக்காமல் வேலை முடியும் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். எண்ணெய்ப் பிசுக்கு கரடுமுரடான செங்கல்லில் படிந்து கரப்பான்களுக்கு விருந்தாகும். பழைய கரியோடு சேர்ந்து எரிபொருளாகவும் நிற்கும். வேறு வழியே இல்லையென்றால் உச்சிவரை முழுமையாக உலோகக் குழாய் இறக்கித்தான் பயன்படுத்த வேண்டும். கேஸ் கீசரை வைத்துவிட்டு, புகைபோக்கி இருக்கிறதே என்று ஜன்னலை மூடிக்கொள்வது இதைவிடக் கொடியது. அரைகுறையாக எரியும் எரிவாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் கசிந்தாலும் புகைபோக்கி இழுத்துக்கொள்ளும் என்று நம்புவதும் வீண். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும்.

மாடுலர் கிச்சன் போடுபவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருகிறது. இடம் போதவில்லை என்று கீழே சமையலறையில் இருக்கும் புகைக்கூண்டை மட்டும் இடித்துவிட்டு, மாடிக்கு மேலே நிற்கும் பகுதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள செங்கல் கட்டு அதன்பின் வெறும் மெட்ராஸ் டெரஸ் தளத்தின் (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய தளம்) மேலும், என்றோ கரையான் அரித்த கட்டைகளின் மேலும் உட்கார்ந்திருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா போன்ற புயலில் அது யார் தலையில் விழும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. எடுப்பதென்றால் உச்சியிலிருந்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். இடையில் எப்போதோ பொருத்திய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருந்தால், அதை ரம்பத்தால் அறுக்கவோ சுத்தியலால் நொறுக்கவோ விடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. நனைத்து, முழுக் குழாயாகக் கழற்றச் சொல்லுங்கள்.

வேலைக்கான காலத்தையும் பலர் தவறாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஐப்பசியில் ஒழுகத் தொடங்கியதும் ஆளைத் தேடி ஓடினால், ஈரச் செங்கல்லின் மேல் வைத்த சுண்ணாம்பு அடுத்த மழையில் கரைந்து வழியும். அக்கினி நட்சத்திரத்தில் செய்தால் இறுகுமுன்பே காய்ந்து வெடிக்கும். தை பிறந்ததிலிருந்து பங்குனிக்குள் சாரம் கட்டி முடித்துவிட வேண்டும். அப்போதும் பூசிய கூண்டின் மேல் கோணிச் சாக்குகளைச் சுற்றி, காலையும் மாலையும் ஒரு வாரத்துக்காவது தண்ணீர் தெளித்துவர வேண்டும். கொத்தனார் கூலியை வாங்கிக்கொண்டு போனபிறகு வீட்டுக்காரர்கள் மறந்துபோவது அந்தச் சாக்குகளைத்தான்.