அகின்களைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மத்திய ஆசியாவின் கசாக், கிர்கிஸ் மக்களிடம் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி மோதும் கலை ஒன்று உண்டு. பாடுபவர் அகின், போட்டிக்குப் பெயர் அய்த்திஸ் (கிர்கிஸ் பக்கம் அய்த்திஷ்). 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் இதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் கிர்கிஸ் மனாஸ்சியையும் அகினையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மனாஸ்சி வேறு ஆள்: மனாஸ் காப்பியத்தை எந்த வாத்தியமும் இல்லாமல் சொல்பவர். சயக்பாய் கரலாயெவ் என்ற மனாஸ்சி சொல்லி எழுதியெடுத்தது மட்டுமே ஏறக்குறைய 5 லட்சம் வரி! அகின் கையிலோ வாத்தியம் இருக்கும். அதிலும் படம் மாற்றிப் போடாதீர்கள், கசாக்கியரின் தொம்பிராவுக்கு 2 தந்தி, கிர்கிஸ் கோமுஸுக்கு 3.

அடுத்தது, ‘மனதில் வந்ததைப் பாடுகிறார்கள்’ என்று எழுதுவது. அப்படியெல்லாம் இல்லை. கசாக் பாட்டில் அதிகம் வரும் நாலடியை எடுத்துக்கொண்டால் அடிக்கு 11 அசை, 1, 2, 4ஆம் அடிகளின் முடிவில் இயைபு (ஒத்த ஒலி), மூன்றாவதுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எதிராளி இப்போதுதான் சொன்ன குத்தலுக்குப் பதில் அந்த நாலாவது அடியில் போய் விழ வேண்டும், அதற்குள் இயைபும் தப்பக்கூடாது, தந்தியும் நிற்கக்கூடாது. சின்ன வயதிலிருந்து ஒரு குருவின் பாட்டுகளை மனப்பாடம் செய்து ஊறியவர்களால்தான் இது முடியும். கசாக் அகின் ஜம்பில் ஜபாயெவ் அப்படித்தான் சுயின்பாய் என்ற மூத்த அகினிடம் கற்றார்.

ஆண்கள் கலை என்றும் எழுதிவிடாதீர்கள். பிர்ஜான் என்ற அகினும் சாரா என்ற இளம்பெண்ணும் 1871இல் மோதியதாகச் சொல்லப்படும் அய்த்திஸ் கசாக்கியரிடையே மிகப் புகழ் பெற்றது. வரிக்கு வரி ஈடுகொடுத்த சாராவிடம், உனக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையைக் கூப்பிடு பார்க்கலாம் என்கிறார் பிர்ஜான். விருப்பமில்லாத சம்பந்தம் அது, அவனும் வெளியே வரவில்லை, சாரா தோற்றுப்போகிறாள். பாட்டுத் திறமையில் வந்த தோல்வியா இது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்புறம், வெறும் வசைப் போட்டி என்று சுருக்குவது. ஏழைகளுக்காகவும் அதிகாரம் படைத்தவர்களை எதிர்த்தும் பாடிய கிர்கிஸ் அகின் தொக்தோகுலை, ரஷ்யப் பேரரசை எதிர்த்து 1898இல் நடந்த ஆண்டிஜான் கலகத்தில் பங்கு இருந்ததாகப் பொய்ப்பழி போட்டு சைபீரியாவுக்கு நாடுகடத்தினார்கள். இன்று கிர்கிஸ்தானின் 100 சோம் பண நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

பழங்கதையாகவும் எழுத வேண்டாம். இப்போதும் அரங்கம் நிறையக் கூட்டம் கூடுகிறது, தொலைக்காட்சியில் வருகிறது, ஆட்சியாளர்களைப் பற்றிய குத்தலும் வருகிறது. மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு எழுத உட்காராமல் ஒரு முழு அய்த்திஸைப் பாருங்கள், முக்கியமாக எந்த இடத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது என்று கவனியுங்கள்.