ஏ.டி.எம். திரையில் ரூபாயைத் தொடாதீர்கள்

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கமிருந்து திருச்சி வழியாகச் சிங்கப்பூர், கோலாலம்பூர் கிளம்புகிறவர்கள், புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் டெபிட் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, வரம்பையும் வைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுக்க வேண்டாம். எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

பணம் கழிவது ஏ.டி.எம். திரையில்தான். தொகையைத் தட்டியதும், “இது உங்களுக்கு இத்தனை ரூபாய்” என்று காட்டி, சம்மதமா என்று கேட்கும். பெரிய எழுத்தில் இருப்பது ‘அக்செப்ட்’. நீங்கள் தொட வேண்டியது ‘டிக்ளைன் கன்வர்ஷன்’. அதைத் தொட்டால் பணமே வராது என்று பயந்துதான் பலர் ஏமாறுகிறார்கள். மறுப்பது ரூபாய் மாற்றத்தை மட்டுமே. பணம் பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் ரத்தானால் வேறு வங்கியின் இயந்திரத்துக்குப் போங்கள்.

சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 டாலருக்கு 19,500. இயந்திரம் 8 சதவீதம் ஏற்றினால் 21,060. ஒரே தட்டலில் 1,560 ரூபாய் போச்சு! மறுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் மாற்று விகிதமும் உங்கள் வங்கியின் மாற்றுக் கட்டணமும்தான். அது பெரும்பாலும் 3.5 சதவீதத்துக்குள் அடங்கும்.

ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் உண்டு. சில்லறையாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். கடைகளின் ஸ்வைப் இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும். அங்கும் உள்ளூர் நாணயமே.